ஐம்பது பாகை வரும்வரை காத்திருப்பதா?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, வளையும்போதே தன் அச்சில் முறுக்கிக்கொள்வது ஸ்கோலியோசிஸ். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகையைத் தொட்டால்தான் அதற்கு இந்தப் பெயர் வைப்பார்கள். தமிழில் கூன் என்பது முன்னோக்கிக் குனிந்த முதுகுக்கு உரிய சொல். பக்கவாட்டு வளைவுக்கென்று பேச்சுவழக்கில் தனிச்சொல் இல்லை. "ஒரு தோள் ஏறியிருக்கிறது", "பாவாடை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது" என்றுதான் வீட்டில் முதலில் பேச்சு எழும். பதின்வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 2 அல்லது 3 பேரிடம் இந்த வளைவு உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு நோய் எதுவும் இராது. புத்தகப் பையின் கனமோ கோணலாக உட்காரும் பழக்கமோ இதை உண்டாக்குவதில்லை. சிறு வளைவு ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்படுகிறது. 30 பாகையைத் தாண்டும் வளைவோ பெரும்பாலும் பெண்பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது.

இதைப் பற்றி மருத்துவமனை வராந்தாவிலும் உறவினர் கூட்டத்திலும் ஒரே கருத்துதான் உலவுகிறது. வளைவு சிறியதென்றால் செய்ய ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். பெரிதாகிவிட்டால் கம்பியும் திருகும் வைத்து முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் அறுவைதான் வழி. இடையில் சொல்லப்படும் பிரேஸ் என்னும் முதுகுக் கவசம், பிளாஸ்டர், பயிற்சி எல்லாம் பெற்றோரின் மனத்தைத் தேற்றும் சடங்கு. கேட்பதற்கு நிதானமாகவும் அறிவியலாகவும் ஒலிக்கும் இந்தக் கருத்து தவறானது. மருத்துவர்களில் ஒரு பகுதியினரே அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதை நம்பினார்கள் என்பதால் அதன் தவறு குறைந்துவிடவில்லை.

மறுப்பின் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபியூஷன் என்று மருத்துவர்கள் குறிப்பிடும் அந்த இணைப்பு அறுவை கெட்டதல்ல. 50 பாகையைத் தாண்டிய மார்புப் பகுதி வளைவுக்கு அதற்கு ஈடான மாற்று இன்றுவரை இல்லை. பிறவியிலேயே முள்ளெலும்பு அரைகுறையாக உருவானதால் வரும் வளைவுக்குப் பிரேஸ் பெரிதாக உதவாது. தசைச் சிதைவு, மூளைவாதம் போன்றவற்றால் வரும் வளைவில் பிரேஸ் பிள்ளை நேராக உட்காரத் துணைசெய்யுமே தவிர, வளைவைத் தடுத்து நிறுத்துவது அரிது. இங்கே மறுக்கப்படுவது ஒன்றே ஒன்று: அறுவைக்கு உரிய கோணத்தை எட்டும்வரை உள்ள காலம் வெறும் காத்திருப்புக் காலம் என்ற எண்ணம்.

அந்த 50 எங்கிருந்து வந்தது? வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிகவும் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளுக்குக் கோடு இழுத்துக் கோணம் அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் வகுத்தார். இன்றும் அளவுகோல் அதுவே. அயோவாவில் வைன்ஸ்டைனும் பொன்செட்டியும் பல்லாண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1983இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எலும்பு முதிர்ந்து வளர்ச்சி நின்றபோது 30 பாகைக்கும் குறைவாக இருந்த வளைவுகள் பிற்காலத்தில் கூடவில்லை. மார்புப் பகுதியில் 50ஐத் தாண்டியிருந்தவை, வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்குச் சுமார் ஒரு பாகை வீதம் கூடிக்கொண்டே போயின. ஆகவே 50 என்பது வளர்ந்து முடிந்த முதுகைப் பற்றிய எண். அந்த முதுகு நாற்பது வயதில், ஐம்பது வயதில் என்னவாகும் என்பதற்கு அது விடை சொல்கிறது. பன்னிரண்டு வயதில் 24 பாகையோடு நிற்கும் பிள்ளைக்கு இப்போது என்ன செய்யவேண்டும் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. அறுவையின் வாசற்படியைச் சிகிச்சையின் வாசற்படியாக எடுத்துக்கொண்டதில்தான் இந்தக் குழப்பம் தொடங்கியது.

வளைவு எப்படிக் கூடுகிறது என்று பார்த்தால், காத்திருப்பது ஏன் தவறு என்பது விளங்கும். ஒவ்வொரு முள்ளெலும்பின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் வளர்ச்சித் தட்டு உண்டு. தட்டின் மேல் அழுத்தம் கூடினால் வளர்ச்சி மந்தமாகும். அழுத்தம் தளர்ந்தால் வேகம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர்களான ஹ்யூட்டர், ஃபோல்க்மன் இருவரின் பெயரால் வழங்கும் விதி இது. முதுகு ஒரு பக்கம் வளைந்ததும் குழிந்த பக்கம் அதிகச் சுமையைத் தாங்குகிறது. அந்தப் பக்கம் எலும்பு குறைவாக வளர்கிறது, புடைத்த பக்கம் கூடுதலாக வளர்கிறது. செங்கல் போல் இருக்கவேண்டிய எலும்பு ஆப்பு வடிவத்துக்கு மாறுகிறது. ஆப்புகளை அடுக்கினால் அடுக்கு சாயத்தானே செய்யும்? சாய்வு கூடக்கூடக் குழிந்த பக்கத்தின் சுமையும் கூடுகிறது. வளைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

ஆனால் இந்த விதி ஒருவழிப் பாதை அல்ல. சுமையைப் புடைத்த பக்கத்துக்கு மாற்றிவிட்டால், கெடுத்த அதே வளர்ச்சி எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கும். பிரேஸும் பிளாஸ்டரும் நம்பியிருப்பது இதைத்தான். வளர்ச்சி தீர்ந்த பிறகு இந்தக் கருவி கையில் இராது. முதுகெலும்பின் மார்பு, இடுப்புப் பகுதிகள் பிறந்த முதல் 5 ஆண்டுகளில் ஏறக்குறைய 10 செ.மீ. நீள்கின்றன, அடுத்த 5 ஆண்டுகளில் 5 செ.மீ. மட்டும்; பத்து வயதிலிருந்து வளர்ச்சி முடிவதற்குள் மறுபடி 10 செ.மீ. வளைவு விரைந்து கூடும் காலங்களும் திருத்தம் பலிக்கும் காலங்களும் இந்த இரண்டு வேகங்களோடு ஒட்டியே வருகின்றன.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வழக்கமான பேச்சு இங்கே கெடுதல் செய்கிறது. "வயதுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். உயர வளர்ச்சி உச்சத்தைத் தொடுவது பூப்புக்கு முன்பு. முதல் மாதவிலக்கு வரும்போது அந்த உச்சம் கடந்து சில மாதங்கள் போயிருக்கும். வளைவு பாய்ந்து ஏறும் காலமும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சடங்கு முடிந்து மருத்துவரிடம் போகிறவர்கள் மழை நின்ற பிறகு குடை வாங்கப் போகிறவர்கள்.

எலும்பின் வயதைச் சொல்லாமல் "சிறிய வளைவு" என்று சொல்வதில் பொருளே இல்லை. இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் எலும்புத் தொப்பி எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு முதிர்வை 0 முதல் 5 வரை குறிப்பது ரிசர் குறி. மினசோட்டாவில் லான்ஸ்டைனும் கார்ல்சனும் 727 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கணக்கு இப்படி: வளைவு 20 முதல் 29 பாகை, ரிசர் 0 அல்லது 1 என்றால் 68 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியது. அதே வளைவு, ரிசர் 2 முதல் 4 என்றால் 23 விழுக்காடு. 20க்குக் கீழான வளைவும் முதிர்ந்த எலும்பும் சேர்ந்திருந்தவர்களில் கூடியது வெறும் 1.6 விழுக்காடு. கடைசி வகைப் பிள்ளையிடம் "பார்த்துக்கொள்ளலாம்" என்பது நல்ல மருத்துவம். முதல் வகைப் பிள்ளையிடம் அதையே சொன்னால், மூன்றில் இரண்டு பங்கு தோற்கும் பந்தயத்தில் பிள்ளையின் முதுகைப் பணயம் வைப்பதாகும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும் பழக்கம்தான் இந்தக் கருத்தின் முதல் பிழை.

பிரேஸ் பயனற்றது என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எலும்பு மருத்துவத் துறைக்கு உலகமெங்கும் வழங்கும் பெயரை 1741இல் உருவாக்கியவர் பாரிஸ் மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரி. நேர் என்பதற்கும் குழந்தை என்பதற்குமான கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அமைத்த பெயர் அது. அவருடைய நூலில் வந்த படம், கோணலாக வளரும் இளமரத்தை ஒரு முளைக்கம்போடு சேர்த்துக் கட்டியிருப்பது. பல நாடுகளின் எலும்பு மருத்துவர் சங்கங்களுக்கு இன்றும் அதுதான் சின்னம். சின்னத்தில் கட்டிய மரத்தை வைத்துக்கொண்டு, கட்டுவதால் பயனில்லை என்று ஒரு துறை இத்தனை காலம் பேசியது வேடிக்கைதான்.

முதுகைக் கட்டும் முயற்சி ஆந்த்ரிக்கும் முந்தியது. 16ஆம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே துளையிட்ட இரும்புக் கவசங்களைப் பரிந்துரைத்தார். 1940களின் நடுவில் மில்வாக்கியில் பிளவுண்டும் ஷ்மிட்டும் இடுப்பிலிருந்து தாடைவரை போகும் உலோகச் சட்டத்தை உருவாக்கினார்கள். 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜான் ஹாலும் அவருடன் பணிசெய்த பிரேஸ் வல்லுநர் மில்லரும் அக்குளுக்குக் கீழே அடங்கி, சட்டைக்குள் மறையும் பிளாஸ்டிக் பிரேஸைக் கொண்டுவந்தார்கள். இன்று பெரும்பாலும் அணியப்படுவது அந்த வகையும் ஃபிரான்ஸின் ஷாக் ஷெனோ வகுத்த வகையும்தான்.

அவநம்பிக்கை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 1941இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் குழு ஒன்று 425 நோயாளிகளின் பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. பயிற்சி மட்டும் செய்தவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியிருந்தது. அன்றைய பொதுப் பயிற்சிகளைப் பற்றிய அந்த முடிவு, நாளடைவில் கத்தி படாத எல்லாச் சிகிச்சையையும் பற்றிய தீர்ப்பாக ஊதிப் பெருத்தது. ஹூஸ்டனின் பால் ஹாரிங்டன் 1962இல் தன் உலோகக் கம்பி முறையை வெளியிட்ட பிறகு அறுவையின் பலன் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. அறுவைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். வேறென்ன சான்று வேண்டும்? பிரேஸின் பலனோ நிகழாமல் போன ஒன்று. கூடாமல் நின்ற வளைவைப் படமெடுத்துக் காட்ட முடியாது.

பிரேஸைக் குறை சொன்ன பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஓட்டையை உடையவை. எத்தனை பேருக்குப் பிரேஸ் எழுதிக் கொடுக்கப்பட்டது என்று எண்ணினார்கள். எத்தனை மணி நேரம் அணிந்தார்கள் என்று அளக்கவில்லை. சீட்டில் எழுதிய மாத்திரையைக் கணக்கில் வைத்து, விழுங்கினாரா என்று பார்க்காமலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு ஒப்பானது இது. பிள்ளையிடம் கேட்டால் கூட்டிச் சொல்லும், தாயிடம் கேட்டால் இன்னும் கூட்டிச் சொல்வார். உடல் சூட்டை உணரும் சிறு கருவியைப் பிரேஸுக்குள் பதித்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. டல்லஸில் கேட்ஸ் குழுவினர் 100 பிள்ளைகளை இப்படி அளந்து 2010இல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 82 விழுக்காட்டினருக்கு வளைவு கூடவில்லை. 7 மணி நேரத்துக்கும் குறைவாக அணிந்தவர்களில் அந்த அளவு 31 விழுக்காடு மட்டுமே.

இதற்கிடையே அவநம்பிக்கை அரசுக் கொள்கையாகவும் ஆகியிருந்தது. அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2004இல் பதின்வயதினரிடம் ஸ்கோலியோசிஸைத் தேடிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வாதம் எளிது: கண்டுபிடித்தாலும் பலன் தரும் சிகிச்சை இல்லை, பிறகு எதற்குத் தேடுவது? தேடாததால் வளைவு பெரிதானபின் கண்ணில் பட்டது. பெரிதாகிவிட்டதால் அறுவையைத் தவிர வழியில்லை. வழியில்லை என்பதே அறுவைதான் ஒரே சிகிச்சை என்பதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. வாதம் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பாகச் சுற்றி வந்தது.

அந்தச் சுற்றை உடைத்தது 2013. வைன்ஸ்டைன், டோலன் குழுவினர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ மையங்களில் நடத்திய பிரெய்ஸ்ட் ஆய்வு அந்த ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 10 முதல் 15 வயது, வளைவு 20 முதல் 40 பாகை, எலும்பு இன்னும் முதிராத 242 பிள்ளைகள். பிரேஸ் அணிவதா, வெறுமனே கண்காணிப்பதா என்பதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விடப் பல பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஆகவே 116 பேர் குலுக்கல் முறையிலும் மீதிப்பேர் தங்கள் விருப்பப்படியும் பிரிக்கப்பட்டார்கள். 50 பாகையைத் தொடாமல் எலும்பு முதிர்வை அடைந்தால் வெற்றி. பிரேஸ் அணிந்தவர்களில் 72 விழுக்காடு, கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 விழுக்காடு அந்த வெற்றியைப் பெற்றார்கள். குலுக்கலில் வந்தவர்களை மட்டும் தனியே எடுத்தால் 75க்கு 42. வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இன்னும் பிள்ளைகளைச் சும்மா கண்காணிப்பது முறையல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். சூட்டுணர் கருவி காட்டிய கணக்கு இன்னும் கூர்மையானது. நாளுக்கு 6 மணி நேரம்வரை மட்டும் அணிந்தவர்களின் வெற்றி, பிரேஸே அணியாதவர்களின் அளவுக்கு மேல் போகவில்லை. சராசரியாக 12.9 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் 50ஐத் தொடவே இல்லை. அளவு கூடக்கூடப் பலனும் கூடுவது மருந்தின் இயல்பு. சடங்குக்கு அந்த இயல்பு கிடையாது.

பணிக்குழு 2018இல் தன் பழைய பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. பரிசோதனை நல்லதா கெட்டதா என்று சொல்லப் போதிய சான்றில்லை என்ற நடுநிலைக்கு வந்தது. ஆனால் பிரேஸ் வளைவின் வேகத்தைக் குறைக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டது. மருத்துவ அமைப்புகள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டுவிட்டன. வராந்தாப் பேச்சு மட்டும் 2004லேயே நின்றுகொண்டிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அதே ஆய்விலிருந்தே எழுகிறது. பிரேஸ் அணியாமலேயே 48 விழுக்காட்டினர் தப்பினார்களே, அவர்களுக்கும் சேர்த்துப் பிரேஸ் மாட்டுவது தேவையற்ற தொல்லை அல்லவா? நியாயமான கேள்வி. ஓர் அறுவையைத் தவிர்க்க மூன்று பிள்ளைகளுக்குப் பிரேஸ் அணிவிக்க வேண்டியிருக்கிறது என்று அந்த ஆய்வே கணக்கிட்டது. ஆனால் தேவையானவரையும் தேவையற்றவரையும் பிரித்தறிய வேண்டும் என்பதுதான் இந்தக் கேள்வி கொண்டுபோய் விடும் இடம். யாருக்கும் வேண்டாம் என்ற முடிவுக்கு அது கொண்டுபோகாது. பிரித்தறியும் வழியும் இருக்கிறது. கையை எக்ஸ்ரே எடுத்து விரலெலும்புகளின் முதிர்வைக் கொண்டு 1 முதல் 8 வரை கட்டம் பிரிக்கும் முறையை ஜேம்ஸ் சாண்டர்ஸ் குழுவினர் 2008இல் வெளியிட்டார்கள். ரிசர் 0 என்ற ஒரே பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்த வளர்ச்சி உச்சத்தை இந்த முறை தனியே பிரித்துக் காட்டுகிறது. அந்தக் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கும் அதைத் தாண்டிய பிள்ளைக்கும் ஒரே அறிவுரை தரவேண்டிய நிலைமை இன்று இல்லை. மேலும், மூன்று பேர் சில ஆண்டுகள் கவசம் அணிவதையும், ஒருவரின் முதுகு நிரந்தரமாக ஒட்டப்படுவதையும் ஒரே தராசில் வைத்தால் எது கனம் என்பதைச் சொல்லவேண்டியவர்கள் பிள்ளையும் பெற்றோரும். தராசையே அவர்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது அறிவியல் அடக்கம் ஆகாது.

பிள்ளை மனம் உடைந்துபோகும் என்பது இன்னொரு வாதம். வகுப்பில் கேலி, வியர்வை, கட்டிப்பிடித்தால் தட்டும் கடினம் எல்லாம் உண்மையான துன்பங்கள். வெயில் நாட்டில் அது இரட்டிப்புத் துன்பம். உள்ளே பருத்தி பனியனை அடிக்கடி மாற்றாவிட்டால் தோல் புண்ணாகும். ஆனால் பிரெய்ஸ்ட் ஆய்வில் இரு பிரிவினரின் வாழ்க்கைத்தர மதிப்பெண்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முதுகு வளைந்துகொண்டே வருவதை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு இன்பமான காரியம் இல்லை போலும். அணியும் நேரத்தைக் கருவியில் படித்துப் பிள்ளையிடமே காட்டிப் பேசியபோது, நாளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் கூடுதலாக அணிந்ததை டல்லஸ் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளால் முடியாது என்பது பல வேளைகளில் பெரியவர்களின் சோம்பலுக்கு வைத்த நாகரிகமான பெயர்.

பிரேஸிடம் கேட்கக் கூடாததைக் கேட்டு ஏமாறுவதும் நடக்கிறது. பதின்வயதில் அதன் வேலை நிறுத்துவது, நிமிர்த்துவது அல்ல. 28 பாகையில் மாட்டி, முதிர்வின்போது 30 பாகையில் கழற்றினால் அது வெற்றி. "இரண்டு வருடம் போட்டும் ஒன்றும் குறையவில்லை" என்று சலித்துக்கொள்ளும் குடும்பம் பெரும்பாலும் வென்ற குடும்பம். அதற்காக எந்தப் பிரேஸும் பிரேஸ் ஆகிவிடாது. சர்ஜிக்கல் கடையில் தொங்கும் நிமிர்வு பெல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடலுக்கு அச்செடுத்தோ ஸ்கேன் செய்தோ அந்தப் பிள்ளைக்கென்றே வார்க்கவேண்டும். அணிந்த நிலையில் ஒரு படம் எடுத்து வளைவு எவ்வளவு குறைந்து நிற்கிறது என்று பார்க்கவேண்டும். வளர வளர மாற்றவேண்டும். மட்டமாகச் செய்த பிரேஸ் தோற்றால் பழி பிரேஸ் என்ற முறையின் தலையில் விழுகிறது.

நிமிர்த்தவே முடியும் என்று காட்டிய இடம் ஒன்று உண்டு. அது கைக்குழந்தைப் பருவம். லண்டனை அடுத்த ஸ்டான்மோரின் ராயல் நேஷனல் ஆர்த்தபீடிக் மருத்துவமனையில் பணியாற்றிய மின் மேத்தா என்ற பெண் மருத்துவர், குழந்தைகளின் வளைவில் சில தானே மறைவதையும் சில விடாமல் கூடுவதையும் நெடுங்காலம் கவனித்தார். வளைவின் உச்சியில் இரு பக்க விலா எலும்புகளும் முள்ளெலும்போடு சேரும் கோணங்களின் வேறுபாட்டை அளந்தால் இரண்டு வகையையும் பிரிக்கலாம் என்று 1972இல் எழுதினார். வேறுபாடு 20 பாகையைத் தாண்டினால் அது கூடும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய குழந்தையை மயக்க மருந்து கொடுத்துச் சட்டத்தில் கிடத்தி, முதுகை இழுத்து, முறுக்கைத் திருப்பிவிட்டு, அந்த நிலையிலேயே பிளாஸ்டர் போட்டார். குழந்தை வளர வளரச் சில மாதங்களுக்கு ஒருமுறை பிளாஸ்டரை மாற்றினார். 2005இல் அவர் வெளியிட்ட கணக்கில் 136 குழந்தைகள். சராசரியாக ஒன்றரை வயதையொட்டி, சுமார் 32 பாகை வளைவோடு வந்த 94 பேருக்கும் மூன்றரை வயதளவில் வளைவு மறைந்துவிட்டது. அதன்பின் அவர்களுக்குச் சிகிச்சையே தேவைப்படவில்லை. இரண்டரை வயதில், சுமார் 52 பாகையோடு தாமதமாக வந்த 42 பேருக்கு வளைவைக் குறைக்க முடிந்ததே தவிர மாற்ற முடியவில்லை. அவர்களில் 15 பேர் இணைப்பு அறுவைக்குப் போனார்கள். இரு பிரிவுக்கும் வயது வேறுபாடு ஓராண்டுக்கும் குறைவு. ஐந்தில் வளைப்பதைப் பற்றிய பழமொழி தமிழில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் குழந்தைகளுக்கு ஐந்துகூடத் தாமதம்.

சிறு குழந்தைக்கு அறுவையே நேரான வழி என்று சொன்னவர்கள் என்ன கண்டார்கள்? ஒட்டப்பட்ட முதுகு நீளாது. நீளாத முதுகோடு மார்புக்கூடும் விரியாது. நுரையீரலின் காற்றுப்பைகள் பெருகவேண்டிய வயதில் அவற்றுக்கு இடம் இல்லாமல் போகும். ஒன்பது வயதுக்கு முன் இணைப்பு அறுவை செய்யப்பட்ட 28 பேரைப் பின்னாளில் அழைத்துப் பார்த்த கேரல் குழுவினரின் 2008 அறிக்கை, மார்பு முதுகின் நீளம் 18 செ.மீ.க்கும் குறையும்போது மூச்சுத்திறன் கடுமையாகக் குறையும் அபாயத்தைக் காட்டியது. முதுகின் பின்பக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டால் முன்பக்கம் தொடர்ந்து வளர்ந்து, முழு முதுகும் எந்திரத்தின் சுழல்தண்டு போல முறுக்கிக்கொள்வதை ஃபிரான்ஸின் துய்புஸே 1989இல் விவரித்தார். இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகு அறுவை மருத்துவர்களே சிறுவயது இணைப்பிலிருந்து பின்வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிவிடும் வளர்கம்பிகளுக்கு வந்தார்கள். அதற்கும் விலை உண்டு. 140 குழந்தைகளைப் பற்றிய 2010 அறிக்கையில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிக்கல் நேர்ந்தது. ஒவ்வொரு கூடுதல் அறுவையும் அடுத்த சிக்கலுக்கு வாய்ப்பைக் கூட்டியது. பிளாஸ்டர் போட்டு இரண்டு மூன்று ஆண்டு கடத்தினாலே, குழந்தை அத்தனை முறை கத்திக்குப் போகாமல் தப்பும்.

அறுவைக்கு ஆள் சேர்க்கப் பயன்படும் ஓர் அச்சுறுத்தலையும் இங்கே களைய வேண்டும். "விட்டால் நெஞ்சும் நுரையீரலும் நசுங்கிச் சீக்கிரம் உயிர் போய்விடும்" என்பது, ஐந்து வயதுக்கு முன் தொடங்கிப் பெரிதாகும் வளைவுகளைப் பொறுத்தவரை உண்மைக்கு நெருக்கமானது. பதின்வயதில் தொடங்கிய வளைவைப் பொறுத்தவரை அப்படி அல்ல. சிகிச்சையே பெறாத 117 பேரை அயோவா மருத்துவர்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்து 2003இல் எழுதினார்கள். அவர்கள் மற்றவர்களைப் போலவே வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, ஏறக்குறைய அதே வயதுவரை வாழ்ந்தார்கள். முதுகுவலி கூடுதலாக இருந்தது. மூச்சிரைப்பு 80 பாகையைத் தாண்டிய மார்பு வளைவுகளோடு சேர்ந்தே வந்தது. அச்சத்தால் அவசர அறுவைக்கு ஓடுவதும் அலட்சியத்தால் காத்திருப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள்.

பயிற்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரெஸ்டனில் பிறந்து தன் வளைவைத் தானே ஆராய்ந்த காத்தரினா ஷ்ரோட் 1920களில் மைசனில் தொடங்கிய மூச்சு, திருத்தப் பயிற்சி முறை இன்று உலகமெங்கும் கற்றுக்கொடுக்கப்படுகிறது. 25 பாகைக்குட்பட்ட வளைவுகளில், இத்தாலியில் 110 பிள்ளைகளிடம் நடந்து 2014இல் வெளியான சோதனையில் இலக்குவைத்த பயிற்சி சில பாகைகளைக் குறைத்தது. அதற்கு மேற்பட்ட வளைவுகளில் பயிற்சியை மட்டும் நம்புவது ஆபத்து. ஸ்வீடனில் 135 பிள்ளைகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், இரவு மட்டும் அணியும் பிரேஸ் பிரிவில் 76 விழுக்காட்டினர் வளைவு கூடாமல் தப்பினார்கள். ஸ்கோலியோசிஸுக்கான தனிப் பயிற்சிப் பிரிவில் 58, பொதுவான உடலுழைப்புப் பிரிவில் 53. பயிற்சி பிரேஸுக்குத் துணை, மாற்று அல்ல. எலும்பைத் தட்டி நேராக்குகிறோம், தொங்கவிட்டு நிமிர்த்துகிறோம், எண்ணெய் தேய்த்துக் குணமாக்குகிறோம் என்போருக்குச் சான்று எதுவும் இல்லை. ஒருகாலத்தில் நவீனமாகத் தோன்றிய மின்தூண்டல் முறையும் 1995இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் சும்மா இருப்பதற்குச் சமமாகவே நின்றது. அதே ஆய்வில் பிரேஸ் 74 விழுக்காடு வெற்றி கண்டது. அறுவை எதிர்ப்பு என்ற பெயரில் இந்தக் கடைகளுக்கு வழிகாட்டுவோர், அறுவை மட்டுமே வழி என்போரைக் காட்டிலும் அதிகக் கேடு செய்கிறார்கள். பிள்ளையின் வளர்ச்சிக் காலம் அங்கேதான் முழுசாக விரயமாகிறது.

ஒட்டாமல் திருத்தும் புது அறுவையையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். புடைத்த பக்கத்து முள்ளெலும்புகளில் திருகுகளைப் பதித்து, நெகிழும் வடத்தால் இழுத்துக் கட்டி, வளர்ச்சியைக் கொண்டே நிமிர்த்தும் முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஆகஸ்டில் வரம்புக்குட்பட்ட அனுமதி அளித்தது. முதுகின் அசைவு மிஞ்சுவது இதன் பெரிய நன்மை. ஆனால் வடம் அறுந்துபோவது அரிதல்ல. சில பிள்ளைகளுக்கு வளைவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. மறு அறுவை இணைப்பு முறையைவிட அடிக்கடி தேவைப்படுகிறது. பிரேஸ் தோற்ற, இன்னும் வளரும் எலும்புள்ள சிலருக்கு அது ஒரு வழி. பிரேஸ் அணியச் சோம்பியவர்களுக்கான குறுக்குவழி அல்ல.

இவ்வளவுக்கும் வேண்டியிருப்பது சீக்கிரம் கண்டுபிடிப்பது ஒன்றுதான். முட்டியை மடக்காமல் பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்கவேண்டும். முதுகின் ஒரு பக்கம் மேடு தட்டினால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1865இல் விவரித்த சோதனை இது. ஒரு நிமிடம் பிடிக்கும், காசு செலவில்லை. பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வளர்ச்சி உச்சத்தில் வளைவு மாதத்துக்கு ஒரு பாகையோ அதற்கு மேலோ கூடக்கூடும். 25 பாகையோடு போன பிள்ளையை, எலும்பு முதிர்வைப் பார்க்காமல் "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பினால், அவள் 31 பாகையோடும் கையிலிருந்த ஆறு மாத வளர்ச்சியைத் தொலைத்துவிட்டும் திரும்புவாள். ஆகவே பெற்றோர் மருத்துவரின் அறையை விட்டு எழுவதற்கு முன் மூன்று விவரங்களைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்: காப் கோணம் எத்தனை பாகை, எலும்பு எந்த முதிர்வுக் கட்டத்தில் இருக்கிறது, பிரேஸ் இப்போது வேண்டாம் என்றால் ஏன்.